மண்ணுக்குள் வாழும் நுண்விலங்குகளும் வெப்பமண்டலத்தில்தான் அதிகமா?

மரங்களும் பறவைகளும் பூச்சிகளும் நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க வகையில் பெருகுகின்றன என்று படித்திருக்கிறீர்கள். மண்ணுக்குள் வாழும் நுண்ணிய விலங்குகளுக்கும் அந்த விதி பொருந்துமா என்று கேட்கிறீர்கள். அவை வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில்தான் அதிகம் என்று ஒரு கட்டுரையும், வெப்பமண்டலமே அவற்றின் களஞ்சியம் என்று இன்னொரு கட்டுரையும் சொல்வதால் எதை நம்புவது என்று குழம்பியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு சதுர மீட்டர் மண்ணில் எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்பது முதலாவது. அந்த ஓர் இடத்தில் எத்தனை சிற்றினங்கள் இருக்கின்றன என்பது இரண்டாவது. ஒரு பெரும் நிலப்பரப்பு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் எத்தனை சிற்றினங்கள் இருக்கும் என்பது மூன்றாவது. மரங்களைப் பொறுத்தவரை பின்னிரண்டு கேள்விகளுக்கும் ஏறத்தாழ ஒரே விடை கிடைத்துவிடுவதால் நாம் அவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகவில்லை. மண்விலங்குகளில் மூன்றுக்கும் விடை வெவ்வேறு. நீங்கள் படித்த இரண்டு கட்டுரைகளும் அநேகமாக உண்மையைத்தான் சொல்லியிருக்கும். ஆனால் வெவ்வேறு கேள்விகளுக்கு.

நான் பயிற்சி பெற்றது மண்ணில் வாழும் சிறு கணுக்காலிகளை வகைப்படுத்துவதில். கொலம்போலா எனப்படும், வயிற்றின் அடியில் மடிந்திருக்கும் கவை போன்ற உறுப்பால் எம்பிக் குதிக்கும் சிற்றுயிர்களையும், மண்ணில் வாழும் சிலந்திப்பேன்களையும் நுண்ணோக்கியின் கீழ் பிரித்து அடையாளம் காண்பதே பல ஆண்டுகளாக என் வேலை. நூற்புழுக்களைப் பற்றியும் மண்புழுக்களைப் பற்றியும் நான் சொல்லப்போவது அத்துறை அறிஞர்களின் ஆய்வுகளைப் படித்துத் தெரிந்துகொண்டது. அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முதலில், எந்த விலங்குகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். மண் உயிரியலில் விலங்குகளை உடலின் அகலத்தைக் கொண்டு பிரிப்பது வழக்கம். 0.1 மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுடைய நூற்புழுக்கள், நீர்க்கரடிகள், ரோட்டிபர்கள் ஆகியவை மிகச் சிறிய பிரிவு. இவை மண்துகள்களைச் சுற்றிப் படிந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் வாழ்வதால், உண்மையில் நீர்வாழ் விலங்குகளே. 0.1 முதல் 2 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள கொலம்போலாக்களும் சிலந்திப்பேன்களும் மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றறைகளில் வாழ்கின்றன. தாமாக வளை தோண்டும் வலிமை இவற்றுக்கு இல்லை. அதற்கும் மேற்பட்ட மண்புழு, கறையான், மரவட்டை போன்றவை மண்ணையே மாற்றியமைக்கும் திறனுள்ளவை. இந்த மூன்று பிரிவுகளும் மூன்று வேறு உலகங்களில் வாழ்கின்றன என்று சொன்னால் அது மிகையாகாது. இவை அனைத்துக்கும் பொதுவான ஒரே புவியியல் விதி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்குத் தொடக்கத்திலேயே காரணம் எதுவும் இல்லை.

முதல் கேள்வியான எண்ணிக்கைக்கு வருகிறேன், ஏனெனில் இங்கேதான் நம் அறிவு மிக உறுதியாக இருக்கிறது. 2019இல் வெளிவந்த உலகளாவிய நூற்புழு ஆய்வு 6,759 மண் மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டது. நிலத்தின் மேற்பரப்பு 15 சென்டிமீட்டரில் மட்டும் சுமார் 44 லட்சம் கோடி கோடி நூற்புழுக்கள் வாழ்கின்றன என்றும், அவற்றின் மொத்த எடை சுமார் 30 கோடி டன் என்றும் அது மதிப்பிட்டது. அந்தத் தொகையில் ஏறத்தாழ 38 விழுக்காடு வடதுருவத்தை ஒட்டிய குளிர்ப்பகுதிகளிலும், 24 விழுக்காடு மிதவெப்ப மண்டலத்திலும், 21 விழுக்காடு வெப்பமண்டலத்திலும் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. கொலம்போலாக்களுக்கு 2023இல் இதே போன்ற தொகுப்பாய்வு 2,470 களங்களின் தரவுகளோடு வெளிவந்தது. உலகில் சுமார் 20,000 கோடி கோடி கொலம்போலாக்கள் இருக்கலாம் என்பதும், அவற்றின் உயிர்த்திரள், அதாவது உடல்களின் மொத்த எடை, மரங்களற்ற வடதுருவக் குளிர்நிலமான தூந்திரப் பகுதியில் வெப்பமண்டலத்தைக் காட்டிலும் சுமார் 20 மடங்கு அதிகம் என்பதும் அதன் முடிவுகள். கண்ணுக்குத் தரிசாகத் தெரியும் தூந்திர நிலத்தில், பாசிக்கும் மட்கிற்கும் நடுவே, ஒரு சதுர மீட்டருக்குப் பல லட்சம் கொலம்போலாக்கள் இருப்பது உண்டு.

இதற்கான காரணம் பெரும்பாலும் உணவிலும் வெப்பத்திலும் இருக்கிறது. குளிர்ந்த நிலங்களில் இலைச்சருகும் வேர்களும் மெல்ல மட்குகின்றன. ஆகவே நூற்றாண்டுக் கணக்கில் கரிமப்பொருள் சேர்ந்து மண்ணின் மேலடுக்கு தடித்துக் கிடக்கிறது, அதில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வளர்கின்றன, அவற்றை உண்ணும் நுண்விலங்குகளுக்கு இடமும் உணவும் தாராளமாக அமைகின்றன. வெப்பமண்டலக் காடுகளில் விழும் இலை மிக விரைவாக மட்கிப் போகிறது. பெரும்பங்கைக் கறையான்கள் எடுத்துச் சென்றுவிடுகின்றன. எஞ்சும் மட்கு அடுக்கு மெல்லியது. அத்துடன், வெப்பம் கூடினால் குளிர்க்குருதி விலங்கின் வளர்சிதை மாற்றம் விரைவடைகிறது. அதே உடல் எடையைத் தாங்க அதிக உணவு தேவைப்படுகிறது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது இந்தப் பகுதிதான். உயிர்த்திரளில் 20 மடங்கு வேறுபாடு இருந்தபோதிலும், கொலம்போலாக் கூட்டம் முழுவதும் செலவிடும் ஆற்றலைக் கணக்கிட்டால் அது தூந்திரத்திலும் வெப்பமண்டலத்திலும் ஏறத்தாழ ஒரே அளவாக வருகிறது. எனவே, வெப்பமண்டல மண்ணில் இவை குறைவு என்பதைக் கொண்டு அங்கே இவற்றின் பணியும் குறைவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஆனால் எல்லா மண்விலங்குகளும் வடக்கில் குவிந்திருக்கின்றன என்று எண்ண வேண்டாம். கறையான்கள் இதற்கு நேர் எதிரானவை. இதுவரை விவரிக்கப்பட்டுள்ள சுமார் 3,000 கறையான் இனங்களில் மிகப் பெரும்பாலானவை வெப்பமண்டலத்தையும் அதை அடுத்த நிலங்களையும் சேர்ந்தவை. தூந்திரத்தில் கறையானே கிடையாது. எறும்பு இனங்களும் பெரும்பாலும் வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவையே. "மண்ணுயிர்" என்ற ஒரே சொல்லுக்குள் இவை அனைத்தையும் அடைத்து, ஒரே வண்ணப் படத்தில் உலக வரைபடம் போடும்போது இந்த எதிர்த்திசைகள் ஒன்றையொன்று மறைத்துவிடுகின்றன. அத்தகைய வரைபடங்களை நான் எப்போதும் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

இரண்டாவது கேள்வி, ஓர் இடத்தில் எத்தனை சிற்றினங்கள் என்பது. இங்கே பொது விதி தளர்கிறது. என் துறையான சிலந்திப்பேன்களிலிருந்து தொடங்குகிறேன். பூஞ்சையையும் மட்கும் இலையையும் உண்டு வாழும், கடினமான ஓடு போன்ற மேல்தோலுடைய ஒரிபாட்டிட் சிலந்திப்பேன்களின் இனச்செழுமை, வடக்கின் ஊசியிலைக் காடுகளிலிருந்து வெதுவெதுப்பான மிதவெப்ப நிலங்கள் வரை கூடிக்கொண்டே வருகிறது. அதற்குப் பிறகு வெப்பமண்டலத்தை நோக்கிச் சென்றால் மேலும் கூடுவதில்லை என்று 2007இல் வெளிவந்த உலகளாவிய ஒப்பீடு காட்டியது. கொலம்போலாக்களின் உள்ளூர் இனச்செழுமை வெப்பமண்டலத்தில் உயர்வாகவே இருக்கிறது. ஆனால் சில மிதவெப்பக் காடுகளிலும், வியப்பூட்டும் வகையில் தூந்திரத்தின் சில இடங்களிலும்கூட, அதற்கு நிகரான செழுமை காணப்படுகிறது. மண்புழுக்களுக்கு 57 நாடுகளின் 6,928 களங்களைக் கொண்டு 2019இல் செய்யப்பட்ட ஆய்வில், ஒரு களத்தின் இனச்செழுமையும் எண்ணிக்கையும் வெப்பமண்டலத்தைவிட உயர்ந்த அட்சரேகைகளில் கூடுதலாக இருப்பது தெரிந்தது. மண்ணின் இயல்பைவிட மழையும் வெப்பநிலையும் அடங்கிய தட்பவெப்பமே இதில் பெரிய பங்கு வகித்தது என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

மரங்களுக்குப் பொருந்தும் விதி ஏன் இங்கே பொருந்தவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எனக்குச் சரியாகப் படும் விளக்கம் இது: அரை மில்லிமீட்டர் நீளமுள்ள விலங்குக்கு ஒரு கைப்பிடி மண்ணே பல வாழிடங்களைக் கொண்டது. புதிதாக விழுந்த இலை, பூஞ்சை படர்ந்த பழைய இலை, நொறுங்கிய மட்கு, வேரை ஒட்டிய மண், ஆழத்திலுள்ள குறுகிய துளைகள் என்ற இந்த அடுக்குகள் நார்வேயின் காட்டிலும் இருக்கின்றன, போர்னியோவின் காட்டிலும் இருக்கின்றன. மேலே எத்தனை வகை மரங்கள் நின்றாலும், அவற்றின் இலைகள் பாதி மட்கிய பிறகு ஒன்றுபோலவே ஆகிவிடுகின்றன. பெரும்பாலான மண்விலங்குகள் குறிப்பிட்ட ஒரு தாவரத்தை மட்டும் நம்பி வாழ்வதில்லை. இலையுண்ணும் பூச்சிகளின் பன்மைக்கு அடித்தளமாக இருக்கும் அந்தக் குறுகிய பிணைப்பு இங்கே இல்லை. ஒரு சிறிய பரப்பில் இத்தனை இனங்கள் ஒரே வகையான உணவை உண்டுகொண்டு எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்பது 1970களிலிருந்தே மண் உயிரியலாளர்கள் எழுப்பிவரும் கேள்வி. வாழிடத்தின் நுண்பிரிவுகள் அதில் ஒரு பங்கை விளக்குகின்றன. முழு விளக்கம் அதுவே என்று நான் சொல்ல மாட்டேன்.

மற்றொரு காரணம், மண்விலங்குகள் ஒன்றையொன்று பாதிக்கும் விதம். மண்புழு மிகுந்த இடத்தில் இலைச்சருகு அடுக்கு கீழ்மண்ணோடு கலந்துவிடுகிறது. அந்த அடுக்கை நம்பி வாழும் ஒரிபாட்டிட் சிலந்திப்பேன்கள் குறைகின்றன. அமிலத்தன்மை மிகுந்த ஊசியிலைக் காட்டு மண்ணில் பெரிய மண்புழுக்களால் வாழ முடிவதில்லை என்பதால், அங்கே ஒரு சதுர மீட்டரில் லட்சத்துக்கும் மேற்பட்ட சிலந்திப்பேன்கள் இருக்க முடிகிறது. வட அமெரிக்காவின் வடபகுதியில் கடைசிப் பனியுகத்தின் பனிப்பாளங்கள் மண்புழுக்களை அறவே அழித்துவிட்டன. பின்னர் ஐரோப்பியக் குடியேறிகளோடு வந்து சேர்ந்த மண்புழுக்கள் இப்போது அக்காடுகளில் பரவி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த சருகு அடுக்கைக் கரைத்துக்கொண்டிருக்கின்றன. இன்றைய பன்மைக்குப் பின்னால் தட்பவெப்பத்தோடு வரலாறும் நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

வெறும் குளிரே செழுமையைத் தருவதும் இல்லை. அண்டார்டிகாவின் மெக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகளில், உப்பும் வறட்சியும் மிகுந்த மண்ணில், ஸ்காட்னீமா லிண்ட்சேயே என்ற ஒரே ஒரு நூற்புழு இனம் மட்டும் வாழும் இடங்கள் பல உண்டு. எந்த விலங்கும் இல்லாத மண்ணும் அங்கே உண்டு. தூந்திரத்தின் வளம் அதன் ஈரத்திலிருந்தும் சேர்ந்த கரிமப்பொருளிலிருந்தும் வருகிறது. அவ்விரண்டையும் நீக்கிவிட்டால் அட்சரேகை மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை.

மூன்றாவது கேள்வி, பெரும் பரப்புக்குரிய மொத்த இனங்கள். உங்கள் இரண்டாவது கட்டுரை அநேகமாக இதைத்தான் பேசியிருக்கும். ஓரிடத்தில் பத்து இனங்கள் இருந்து, ஐம்பது கிலோமீட்டர் தள்ளியும் அதே பத்து இனங்கள் இருந்தால் மொத்தம் பத்துதான். ஓரிடத்தில் ஐந்தே இருந்தாலும், செல்லுமிடமெல்லாம் வேறு ஐந்து இருந்தால் மொத்தம் மிக விரைவில் பெருகிவிடும். மண்புழு ஆய்வில் இது தெளிவாக வெளிப்பட்டது. உயர் அட்சரேகைகளில், குறிப்பாகப் பனிப்பாளம் விலகிய ஐரோப்பிய நிலங்களில், பரந்து வாழும் அதே சில இனங்கள் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. வெப்பமண்டலத்தில் இடத்துக்கு இடம் இனங்கள் மாறுகின்றன. ஆகவே களம் களமாக எண்ணும்போது பின்தங்கும் வெப்பமண்டலம், மொத்தமாகக் கூட்டினால் முந்தக்கூடும் என்று அந்த ஆய்வாளர்களே சொன்னார்கள். "முந்தக்கூடும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். "முந்துகிறது" என்று அவர்கள் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய விவாதத்தைச் சொல்ல வேண்டும். எல்லா நுண்ணுயிர்களும் எங்கும் இருக்கின்றன, சூழல்தான் அவற்றில் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கிறது என்ற கருத்தை டச்சு அறிஞர் பாஸ் பெக்கிங் 1934இல் முன்வைத்தார். நூற்புழுக்களும் நீர்க்கரடிகளும் முற்றிலும் உலர்ந்து, உயிர் அடங்கிய நிலையில் காற்றோடு நெடுந்தூரம் செல்லக்கூடியவை என்பதாலும், ஒரிபாட்டிட் சிலந்திப்பேன்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இனங்கள் ஆண் இல்லாமலே பெருகக்கூடியவை என்பதாலும், மண்விலங்குகளும் உலகெங்கும் பரவியே இருக்கும் என்று எண்ண இடமிருந்தது. ஆனால் 2011இல் 11 இடங்களின் மண்ணிலிருந்து டி.என்.ஏ. வரிசைகளைப் பிரித்து ஆராய்ந்தபோது, கிடைத்த 2,259 மரபுத் தொகுதிகளில் (ஒத்த வரிசைகளைச் சேர்த்து, ஏறத்தாழ ஓர் இனத்துக்கு ஈடாகக் கொள்ளப்படுபவை) 14 மட்டுமே நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களுக்குப் பொதுவாக இருந்தன. உலகெங்கும் காணப்பட்டது ஒன்றுகூட இல்லை. அந்த 14இல் பாதி வடதுருவத்தைச் சுற்றிய நிலங்களைச் சேர்ந்தவை. 11 இடங்கள் என்பது மிகச் சிறிய மாதிரிதான். ஆயினும் "எல்லாம் எங்கும்" என்ற கருத்து மண்விலங்குகளுக்குப் பொருந்தாது என்பதில் எனக்கு இப்போது ஐயம் இல்லை.

இனி ஐயத்துக்குரியவற்றைச் சொல்கிறேன். மண்ணிலிருந்து விலங்குகளைப் பிரித்தெடுக்கும் முறை இத்தாலிய அறிஞர் பெர்லேஸ் 1905இல் அமைத்த புனலிலிருந்து அடிப்படையில் பெரிதும் மாறவில்லை. மண்ணைப் புனலின் மேல் வலையில் வைத்து மேலிருந்து சூடேற்றினால், வெப்பத்துக்கும் வறட்சிக்கும் தப்பிக் கீழிறங்கும் விலங்குகள் அடியிலுள்ள குப்பியில் விழும். நகர முடியாதவை விழாது. இறங்குவதற்குள் உலர்ந்து இறப்பவையும் விழாது. தளர்ந்த மட்கிலிருந்து எளிதாக வெளியேறும் அதே விலங்கு, இறுகிய களிமண்ணிலிருந்து வெளியேறத் திணறும். இரண்டு நாடுகளில் இரண்டு வகைப் புனல்களில், வெவ்வேறு ஆழத்தில் எடுத்த மண்ணைக் கொண்டு பெற்ற எண்களை ஒப்பிடும்போது, நாம் காணும் வேறுபாட்டில் எவ்வளவு மண்ணுக்குரியது, எவ்வளவு புனலுக்குரியது என்று பிரிப்பது கடினம். 20 மடங்கு வேறுபாடு இந்தப் பிழைகளையெல்லாம் தாண்டி நிற்கும்; ஒன்றரை மடங்கு வேறுபாடு நிற்காது.

அடுத்தது, மாதிரிகள் எடுக்கப்பட்ட இடங்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் களங்கள் அடர்ந்திருக்கின்றன. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் அமேசான் படுகையும் தென்கிழக்கு ஆசியாவும் வரைபடத்தில் ஏறத்தாழ வெறுமையாக இருக்கின்றன. அந்த வெற்றிடங்களைத் தட்பவெப்பத் தரவுகளைக் கொண்டு கணினி மாதிரிகள் நிரப்புகின்றன. உலக வரைபடத்தில் நாம் பார்க்கும் வண்ணங்களில் வெப்பமண்டலத்துக்குரியவை பெரும்பாலும் இவ்வாறு கணிக்கப்பட்டவை, எண்ணிப் பார்க்கப்பட்டவை அல்ல. மேலும், வெப்பமண்டலக் காடுகளில் "மண்" தரையோடு முடிவதில்லை: கிளைக்கவைகளில் சேரும் மட்கிலும், மரங்களின் மேல் ஒட்டி வளரும் மேலொட்டித் தாவரங்களின் வேர்ப்பந்திலும், அழுகும் மரத்தண்டுகளிலும் மண்விலங்குகள் நிறைந்திருக்கின்றன. தரையில் மட்டும் உருளைக் குழாயை இறக்கி மாதிரி எடுப்பவருக்கு இவை அகப்படுவதே இல்லை. வெப்பமண்டலத்தில் ஒரிபாட்டிட்களின் இனச்செழுமை மேலும் கூடவில்லை என்ற முடிவை ஏற்கும்போதே, அது பெரும்பாலும் தரைமண்ணைப் பற்றிய முடிவு என்பதை நான் மறப்பதில்லை.

இனங்களை அடையாளம் காண்பதிலும் ஒரு சாய்வு இருக்கிறது. ஐரோப்பியக் கொலம்போலாக்களை இரண்டு நூற்றாண்டுகளாகப் படித்திருக்கிறார்கள். வெப்பமண்டல மாதிரி ஒன்றைப் பிரித்தால் பேரினம் வரை போய், அதற்கு மேல் பெயரிட முடியாமல் நிற்பது எனக்கு வழக்கமான அனுபவம். அதோடு, நன்கு தெரிந்தவை என்று நினைத்த இனங்களே பிளவுபடுகின்றன. ஐரோப்பாவில் எங்கும் கிடைக்கும் பாரிசோடோமா நோட்டாபிலிஸ் என்ற கொலம்போலாவுக்குள் தெளிவாகப் பிரிந்த நான்கு மரபுக் கிளைகள் இருப்பது 2012இல் தெரியவந்தது. லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட லம்ப்ரிகஸ் டெரெஸ்ட்ரிஸ் என்ற மிகப் பழகிய மண்புழு, உண்மையில் இரண்டு இனங்களின் கலவை என்று 2010இல் மரபணுச் சான்று காட்டியது. மிக நன்றாக ஆராயப்பட்ட நிலத்திலேயே இப்படியென்றால், ஆராயப்படாத நிலங்களில் மறைந்திருக்கும் பிளவுகள் மொத்தக் கணக்கை எந்த அளவுக்கு மாற்றும் என்பது திறந்த கேள்வி. உலகின் உயிரினங்களில் ஏறத்தாழ 59 விழுக்காடு மண்ணில் வாழ்கின்றன என்று 2023இல் வெளியான மதிப்பீட்டை நீங்கள் எங்கேனும் படித்தால், அதன் பிழை எல்லை மிக அகன்றது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

ஆகவே உங்களுக்கு என் விடை இவ்வாறு அமைகிறது. நூற்புழுக்களும் கொலம்போலாக்களும் எண்ணிக்கையில் குளிர்ந்த, ஈரமான, கரிமப்பொருள் மிகுந்த வட நிலங்களில் மிகுதி என்பதை உறுதியாக நம்பலாம். கறையானும் எறும்பும் வெப்பமண்டலத்துக்குரியவை என்பதையும் அப்படியே நம்பலாம். ஓர் இடத்தின் இனச்செழுமை எல்லாக் குழுக்களிலும் நிலநடுக்கோட்டை நோக்கிக் கூடுவதில்லை என்பது போதிய சான்றுள்ள முடிவு. அதன் சரியான வடிவம் குழுவுக்குக் குழு மாறுகிறது. பெரும் பரப்பில் வெப்பமண்டலமே முந்தும் என்பது என் கருத்தும்கூட, ஆனால் அது இன்னும் கருத்து நிலையில்தான் இருக்கிறது. அதைத் தீர்க்க வேண்டுமானால் காங்கோ படுகையிலும் அமேசானிலும் தென்கிழக்கு ஆசியத் தீவுகளிலும், ஐரோப்பாவில் பயன்படும் அதே விட்டமுள்ள குழாய்களால் அதே ஆழத்தில் மண் எடுத்து, அதே வகைப் புனலில் பிரித்து, கிடைக்கும் ஒவ்வொரு விலங்கின் உருவத்தையும் டி.என்.ஏ. வரிசையையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். மண்ணெடுப்பது அந்த வேலையின் எளிய பகுதி. குப்பியில் விழுந்தவற்றைப் பிரித்துப் பெயரிடப் பயிற்சி பெற்றவர்கள் அந்தந்த நாடுகளிலேயே உருவாக வேண்டும். அதற்கு ஒருவருக்கு ஆண்டுக் கணக்கில் பிடிக்கும், அதற்கான நிதியோ பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கே கிடைக்கிறது.